என்தால்பி கணக்கில் குறி மாறிய கதை

வெப்ப வேதியியலில் நான் எழுதிய முதல் மாதிரித் தேர்வில் என்தால்பி மாற்றம், அதாவது வினையில் வெளிவரும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பம், கேட்டிருந்தார்கள். எண் சரி, குறி தப்பு. −184 வர வேண்டிய இடத்தில் +184. ஆசிரியர் அரை மதிப்பெண்கூடப் போடவில்லை. அன்று கோபம் வந்தது. ஆனால் வெப்பத்தைக் கொட்டுகிற வினையை, வெப்பத்தை உறிஞ்சுகிற வினை என்றல்லவா எழுதியிருந்தேன்!

எல்லாம் மனப்பாடத்தால் வந்த வினை. பிணைப்பு ஆற்றல் (அணுக்களின் பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல்) தந்தால் வினைபடு பொருளிலிருந்து விளைபொருளைக் கழிக்க வேண்டும். உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து சேர்மம் உருவாகும்போது நேரும் வெப்ப மாற்றம்) தந்தால் அப்படியே தலைகீழ். பதற்றத்தில் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் சூத்திரத்தை விட்டுவிட்டு வரவு செலவு பார்க்கத் தொடங்கினேன். ஹைட்ரஜனும் குளோரினும் ஒவ்வொரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) சேர்ந்து இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு ஆகிறது. பழைய பிணைப்புகளை உடைக்கச் செலவு 436 + 242 = 678 கிலோ ஜூல். புதியவை உருவாகும்போது வரவு 2 × 431 = 862. மிஞ்சிய 184 வினையை விட்டு வெளியேறுகிறது. அதனால்தான் கழித்தல் குறி. பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்ற எண்ணம் உங்களிடமும் இருந்தால் (எனக்கு அது உயிரியல் பாடத்தில் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒட்டிக்கொண்டது) முதலில் அதைத் துடைத்தெறியுங்கள். உடைக்க எப்போதும் செலவுதான்.

அமிலமும் காரமும் கலந்து வெப்பத்தை அளக்கும் செய்முறையிலும் சறுக்கினேன். ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி, வெப்பநிலை 6.8 டிகிரி ஏறியது. நிறைக்கு 50 கிராம் என்று போட்டேன். சூடானது கலவை முழுவதும், ஆகவே 100 கிராம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். 100 × 4.18 × 6.8 என்றால் சுமார் 2842 ஜூல். அதை வினைபட்ட 0.05 மோலால் வகுத்தால் மோலுக்கு 56.8 கிலோ ஜூல். வெப்பமானி காட்டுவது கரைசல் பெற்ற வெப்பத்தை. வினை அதை இழந்திருக்கிறது, எனவே −56.8. பாடநூல் மதிப்பு −57ஐ ஒட்டி இருக்கும். கொஞ்சம் வெப்பம் குவளைக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது.

ஹெஸ் விதிக்கு (வினை எந்த வழியில் நடந்தாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே) அதிக நேரம் வேண்டாம். சமன்பாட்டைத் திருப்பினால் குறியைத் திருப்புங்கள், இரட்டித்தால் மதிப்பையும் இரட்டியுங்கள். கார்பன் மோனாக்சைடு கணக்கை மட்டும் ஒருமுறை கையால் போட்டுவிடுங்கள்: கார்பன் எரிந்து டை ஆக்சைடு ஆவதற்கான −393.5இலிருந்து, மோனாக்சைடு எரிந்து டை ஆக்சைடு ஆவதற்கான −283.0ஐக் கழித்தால், கார்பன் மோனாக்சைடு ஆவதற்கான −110.5. கார்பனை எரித்தால் டை ஆக்சைடும் கலந்தே வருவதால், நேரடியாக அளக்கச் சிரமமான மதிப்பு இது.

இப்போதெல்லாம் கணக்கைத் தொடங்குமுன் விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் ‘சூடா, குளிரா’ என்று எழுதிக்கொள்கிறேன்.