கோழிக்கருவில் பெப்டைடைச் சோதித்த அனுபவம்

சென்னை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றும் ஒன்று. புதிய ரத்தக் குழாய்கள் கிடைக்காமல் எந்தக் கட்டியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளராது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். அந்தக் குழாய்களை வரவழைக்கக் கட்டி சுரக்கும் புரதம்தான் விஇஜிஎஃப். குழாய்ச் செல்லில் அது வந்து ஒட்டும் இடமான ஏற்பியை அடைக்கும் ராமுசிருமாப் என்ற மருந்து, 2014-இல் அமெரிக்காவில் இரைப்பைப் புற்றுக்கு அனுமதி பெற்றது. ஆனால் அது ஆன்டிபாடி எனும் பெரிய புரதம். உயிருள்ள செல்களில்தான் தயாரிக்க முடியும். விலையும் பல குடும்பங்களுக்கு எட்டாது. ஏற்பியை அடைக்கும் அந்த வேலையைச் சின்னப் பெப்டைட், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, செய்யுமா என்பதே என் பிஎச்.டி.

தட்டில் வளர்த்த செல்களில் நன்றாகவே செய்தது. அடுத்தது கோழிக்கரு; அதில் குழாய்கள் வளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடை முட்டை உதவாது, அதில் கரு இருக்காது. சேவல் விட்டு வளர்க்கும் பண்ணையில் சொல்லிவைத்து, அடைக்கு வைக்கிற முட்டையாக வாங்க வேண்டும். தரமணியிலுள்ள எங்கள் லேப் வரை ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவருவேன். இன்குபேட்டரில் 37.5 டிகிரி, அடியில் தண்ணீர்த் தட்டு. மூன்றாம் நாள் ஊசியால் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டில் சின்னதாகச் சன்னல் வெட்டுவோம். உள்ளே கடுகளவு இதயம் துடிப்பது தெரியும். டேப் ஒட்டி மூடிவிட்டு எட்டாம் நாள் திறந்தால், அரச இலை நரம்பு போல, ஓட்டுக்கு அடியில் கருவைச் சூழ்ந்த சவ்வெங்கும் குழாய்கள்.

பெப்டைட் நனைத்த வடிதாள் வில்லையை அதன்மேல் வைக்க வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. வெறும் வில்லை உறுத்தினாலே சுற்றிலும் குழாய்கள் கூடும். ஓட்டுத் தூள் விழுந்தாலும் அப்படித்தான். அதனால் உப்புக்கரைசல் வில்லை, விஇஜிஎஃப் மட்டும், விஇஜிஎஃப்போடு பெப்டைட் என்று தனித்தனி முட்டைகள் கட்டாயம். படத்தில் குழாய்களை எண்ணுகிறவருக்கு எது எந்த முட்டை என்று தெரியவே கூடாது. எங்கள் லேபில் ஒரு தம்பி பொறுமையாக எண்ணிக் கொடுத்தான். அப்புறம், பெப்டைட் தயாரிப்பில் மிஞ்சும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமும் செல்களைப் பாதிக்கலாம். அதை நீக்கித் தரச் சொல்லியே ஆர்டர் கொடுங்கள்.

பெப்டைட் வைத்த இடத்தில் கிளைகள் தெளிவாகக் குறைந்திருந்தன. அன்று முழுக்க அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மனித ரத்தச் சீரத்தில் போட்டால் நொதிகள் அதைச் சீக்கிரமே வெட்டிவிடுகின்றன. இப்போது இரு முனைகளையும் இணைத்து, வளையமாக்கினால் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவருகிறோம்.