எங்கே விழுந்தது, தம்பி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோல்ஃப் ஆடுபவர்களுக்குக் கூடமாட இருக்கும் கேடி வேலை பார்க்க வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பை சுமப்பது, தூரம் சொல்வது, பங்கர் என்ற மணற்பள்ளத்தின் மணலைச் சமன் செய்வது, இதுதான் வேலை என்றிருந்தேன். ஆறு வருடம் முன்பு டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த மாமா ஒருவருக்கு உதவியாளாகப் போனேன். கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணும் போனவர். பார்வையற்றோர் கோல்ஃபில் மூன்று பிரிவுகள் உண்டு. மாமா B1. பார்வை அறவே இல்லாதவர்களின் பிரிவு அது.

பந்துக்குப் பின்னால் நான் குனிவேன். அவர் கோலைப் பிடித்து நிற்பார். கோலின் முகத்தை இலக்குக்கு நேராகத் திருப்பி வைப்பேன். "நூத்தி முப்பது மீட்டர் மாமா. எதிர்க்காத்து. இடப்பக்கம் மணல்." அத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு வார்த்தை சொன்னாலும் அவர் தோள் இறுகிவிடும். அதைப் பழகவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். அங்கே கைபிடித்துப் பந்திலிருந்து குழிவரை நடப்போம். அடிகளை அவர் எண்ணுவார். ஒருமுறை ஏழாவது அடியில் நின்று, "இங்க வலப்பக்கம் சரியுது" என்றார். குனிந்து பார்த்தேன், சரிவு இருந்தது. எத்தனையோ வருடமாக நான் நடந்த கிரீன் அது. 108 மில்லிமீட்டர் அகலக் குழிக்குள் பந்து விழும் அந்தக் 'களுக்' சத்தத்துக்காக அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருப்பார்.

நான் தவறு செய்தது ஒரு சிறிய போட்டியில். அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். பதினான்காவது குழியை நோக்கி அடித்த பந்து மரக்கூட்டத்துக்குள் போய் வேர்களுக்கிடையே கிடந்தது. "ஓரமா, நல்ல புல்லுல இருக்கு மாமா" என்று சொல்லி, பந்தை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். இரக்கம்தான். அவர் எதுவும் பேசாமல் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் அடிக்கணக்கு எழுதும் கார்டில் கையெழுத்துப் போட மறுத்து, தான் விலகுவதாக நடத்துபவர்களிடம் சொல்லிவிட்டார்.

காரில் வைத்துத்தான் பேசினார். "மரத்துல பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பந்து எங்கன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த அடி என்னுது. நீ பொய் சொன்னா அது உன்னுதாயிடுது."

மாமா பத்து வயதிலேயே பை சுமந்தவர். அந்த நிறவெறிக் காலத்தில் நம் இந்திய ஆட்கள் வெள்ளையர் மைதானத்தில் பை சுமக்கலாம், ஆட முடியாது. டர்பனின் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பப்வா சீவ்கோலம் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறும். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்துப் பிடிப்பவர் பப்வா. பாடப் புத்தகப்படி அது தலைகீழ்ப் பிடி. அதே பிடியில் 1959, 1960, 1964 என மூன்று முறை நெதர்லாந்தின் டச்சு ஓப்பன் போட்டியை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, இந்தியர் என்பதால் உள்ளே விடாமல் வெளியே மழையில் வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஒரே மாதிரிப் பிடித்தால்தான் கோல்ஃப் என்று யாராவது சொன்னால் மாமாவுக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். ஒரு காலோடு ஆடுபவர்களையும், ஆளைத் தூக்கி நிறுத்தும் சக்கர நாற்காலியில் ஆடுபவர்களையும் இப்போது நான் பார்க்கிறேன். அவர்களுக்கும் அதே பந்து, அதே குழிதான்.

2023 ஜனவரியிலிருந்து கோல்ஃப் விதிகளிலேயே 25ஆம் விதி மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருக்கிறது. பார்வையற்றவர் அடிக்கும்போது அவருடைய உதவியாள் பின்னால் நேர்கோட்டில் நிற்கலாம். மற்ற ஆட்டக்காரர்களின் கேடிக்கு அந்த அனுமதி இல்லை. பங்கரில் பார்வையற்றவர் அடிக்குமுன் கோலால் மணலை லேசாகத் தொடலாம். சலுகை என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று மற்றவர்களுக்குக் கண் சொல்கிறது, மாமாவுக்குக் கோல்நுனி சொல்கிறது.

போன மாதம் தண்ணீரைத் தாண்ட வேண்டிய ஒரு குழி. ஏழாம் அயர்ன் என்ற இரும்புக் கோலால் அடித்தார். கேட்க அழகான அடி. காற்று வலப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டது.

"எங்கே விழுந்தது, தம்பி?"

"தண்ணியில மாமா. கரைக்கு ரெண்டடி முன்னால."

"ரெண்டடியா?" என்றார். அடுத்த பந்துக்காகக் கையை நீட்டினார்.