376 மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்த கதை

2025 ஜூன் 14, சனிக்கிழமை. நீட் தேர்வு முடிவில் என் பெயருக்கு எதிரே 720-க்கு 376 என்று இருந்தது. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டேன் என்றாலும், அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க அது போதாது என்பதும், தனியார் கல்லூரிக் கட்டணம் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் அப்பாவின் சம்பளத்துக்கு எட்டாது என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில் என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் வழியில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் அத்தை, "இங்கே சென்டாக்கில் போட்டுப் பாரேன்" என்றார். புதுச்சேரியில் மாணவர் சேர்க்கையை நடத்தும் அமைப்புதான் சென்டாக். கடலூர்க்காரர்களான எங்களுக்கு அந்த மாநில ஒதுக்கீடு கிடையாது என்பதை அவருக்கு விளக்கவே அன்று என் குரல் ஒத்துழைக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரங்கள் வெளியே போகவில்லை. தூக்கமும் சரியாக இல்லை. அம்மாதான் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழைத்துக் கைப்பேசியை என் கையில் கொடுத்தார். எதிர்முனையில் பேசிய அக்கா மதிப்பெண்ணைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், யாரிடமாவது பேசினேனா என்றுதான் கேட்டார். இருபது நிமிடம் அழுதுகொண்டே பேசினேன். அந்த அழைப்பு எனக்கு உதவியது என்பதை இங்கே எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகள் தயங்காமல் அழைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மீண்டும் எழுதுவதா, வேறு படிப்பில் சேர்வதா என்ற கேள்விக்கு உறவினர் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருந்தது. என்னிடம் இல்லை. ஜூன் தொடக்கத்திலேயே, நான் விடைகளை வட்டமிட்ட ஓ.எம்.ஆர். தாளின் ஸ்கேன் படமும் விடைக்குறிப்பும் வந்துவிட்டன. திறந்து பார்க்கத் துணிவில்லாமல் விட்டிருந்தேன். ஜூன் கடைசியில் ஒரு மதியம், அப்பா இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் படத்தைத் திறந்து, கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு 180 கேள்விகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சாம்பல் நிறத் தாளில் என் கறுப்பு வட்டங்கள் வரிசையாக இருந்தன. உயிரியல் பகுதியின் முடிவுக்கு வந்தபோது எட்டு வரிகள் வெறுமையாக இருந்தன. அவற்றுக்கு முந்தைய வட்டங்கள் சிலவற்றில் மை ஓரத்தைத் தாண்டி வழிந்திருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் என் கை எப்படி ஓடியது என்பதை அந்த வட்டங்களிலேயே பார்க்க முடிந்தது.

விடையளிக்காத அந்த எட்டுக் கேள்விகளை அங்கேயே உட்கார்ந்து செய்து பார்த்தேன். ஏழு சரி. 28 மதிப்பெண், தெரிந்தும் எழுத நேரமில்லாமல் போயிருந்தது.

சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. கணக்கு இப்படி வந்தது: இயற்பியலில் 14 சரி, 21 தவறு, மதிப்பெண் 35. வேதியியலில் 24 சரி, 13 தவறு, 83. உயிரியலில் 68 சரி, 14 தவறு, 258. தவறானவை 48, விடையளிக்காதவை 26, ஆக மொத்தம் 74 கேள்விகள் என் கையை விட்டுப் போயிருந்தன. ஒரு பழைய கோடுபோட்ட நோட்டில் அந்த 74-க்கும் தனித்தனியாகக் காரணம் எழுதினேன். பாடமே சரியாகப் புரியாதவை 30. இரண்டு விடைகளுக்கு இடையே தடுமாறித் தவறானதைத் தேர்ந்தவை 12. நேரம் போதாமல் விட்டவை 13. மீதி 19, தெரிந்திருந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்ததாலோ, சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்ததாலோ போனவை. 376 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து நான் மருத்துவத்துக்கு லாயக்கில்லாதவள் என்று முடிவு கட்டியிருந்தேன்; நோட்டு வேறொன்றைச் சொன்னது. மீண்டும் எழுதலாம் என்ற முடிவை அந்த மதியம்தான் எடுத்தேன்.

நேரப் பிரச்சினைக்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜனவரியில் தேர்வு முறை மாறியது. அதற்கு முன்பு 200 கேள்விகளில் 180-க்கு விடையளிக்க 200 நிமிடம் இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் இரண்டாம் பகுதியில் 15-இல் 10-ஐத் தேர்ந்தெடுக்கலாம். புதிய முறையில் 180 கேள்விக்கு 180 நிமிடம், விருப்பத்தேர்வு இல்லை. நான் பயிற்சி பெற்ற இடத்தில் மாதிரித் தேர்வுகளைப் பெரும்பாலும் பழைய முறையிலேயே நடத்தினார்கள். கடினமானதை முதலில் முடித்துவிடு என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் இயற்பியலில் தொடங்கினேன். அந்த ஆண்டு இயற்பியல் எல்லோரையும் சோதித்தது; 2024-இல் முழு மதிப்பெண் 720 எடுத்தவர்கள் பலர், 2025-இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686. எண்பது நிமிடத்தை அதில் விட்டுவிட்டு, என் பலமான உயிரியலின் 90 கேள்விகளுக்கு ஐம்பது நிமிடத்தோடு வந்து நின்றேன். இப்போது உயிரியலில்தான் தொடங்குகிறேன்.

தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கிறார்கள் என்பதால், சந்தேகமிருந்தால் விட்டுவிடு என்றே எங்கும் சொல்கிறார்கள். இதை நான் இப்போது ஏற்பதில்லை. நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால், சரியானால் நான்கு, தவறானால் கழிவு ஒன்று. சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் நம் பக்கம் நிற்கிறது. ஒன்றை மட்டும் நீக்க முடிந்தாலும் லாபம்தான். தடுமாறித் தவறவிட்ட அந்த 12-ஐப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் விட்டிருந்தால், அதே தடுமாற்றத்தோடு எழுதிச் சரியான கேள்விகளின் மதிப்பெண்ணும் போயிருக்கும்.

மொழியும் என்னைச் சறுக்கவைத்தது. தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வருகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது. தமிழ்வழியில் படித்த எனக்கு நிலைமத் திருப்புத்திறன், கோண உந்தம் என்றால் உடனே புரியும். ஆங்கிலப் பக்கத்தில் அதே சொற்களைத் தேடிப்பிடிக்க நேரமாகும். தப்பாகப் படித்த 19-இல் நான்கு இப்படிப் போனவை. இப்போது மாநிலப் பாடநூலையும் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மொழியிலும் எழுதிக்கொள்கிறேன். மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் இந்த வேலையை யாரும் எனக்காகச் செய்து தர முடியாது.

சென்னையில் விடுதியில் தங்கி, மறுமுறை எழுதுவோருக்கான ரிப்பீட்டர் பேட்ச்சில் சேரும் பணம் எங்களிடம் இல்லை. காலையில் மாவட்ட மைய நூலகம். வாரம் மூன்று மாலைகள் திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் வீட்டுத் திண்ணை. முதல் நாள் ஒரு சாய்தளக் கணக்கைக் கொடுத்தார். நான் உடனே சூத்திரத்தை எழுதினேன். "பேனாவை வைம்மா. அந்தக் கட்டை மேல எத்தனை விசை இருக்கு, ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் தள்ளுது, வாயால சொல்லு" என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே விட்டுவந்த ஓட்டை அது. அன்றிலிருந்து வெக்டரில் தொடங்கி மறுபடி வருகிறோம். அந்த 30-இல் பாதிக்கு மேல் இந்த ஓட்டையில் விழுந்தவை.

ஞாயிறுதோறும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை முழு மாதிரித் தேர்வு. உண்மைத் தேர்வும் அதே நேரம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் அந்த வேளையில், மின்விசிறி நின்றுபோனாலும் எழுந்திருக்காமல், ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பேனாவால் வட்டமிட்டே எழுதுகிறேன். அப்பாவிடம் பேசி ஒன்றை முடிவு செய்திருக்கிறோம்: இது ஒரே ஒரு மறுமுயற்சி. அடுத்த ஆண்டு நீட் விண்ணப்பத்தோடு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம் தரும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பம் போகும். அந்த வழி திறந்திருப்பதால் என்னால் நிம்மதியாகப் படிக்க முடிகிறது.

சென்ற ஞாயிறு 448. நேரம் போதாமல் விட்டது எதுவுமில்லை. தப்பாகப் படித்தவை 19-லிருந்து 11-ஆகக் குறைந்திருக்கின்றன. இயற்பியலில் இன்னும் 16 தவறு, அவற்றில் ஆறு சுழற்சி இயக்கத்தில். நாளை மாலை அந்த ஆறையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போக வேண்டும்.