தடைக்காலத்தில் மாற்றிய ஜாவா

மண்டபத்தில் மீன் கொள்முதல் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பில் போடும் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஜாவா என்ற நிரல்மொழியின் 8ஆம் பதிப்பில் ஓடியது. 2019 ஏப்ரல் 16 முதல், ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனம் தன் உரிம விதிகளை மாற்றியது. இனி வரும் திருத்தங்களைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் சந்தா கட்ட வேண்டும் என்றது. அதற்கு முந்தின நாள்தான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. விசைப்படகுகளெல்லாம் கரையில். கம்பெனியில் பில் வேலை குறைவு. சரி, ஜாவாவின் இலவச, திறந்தமூல வடிவமான ஓபன்ஜேடிகேவுக்கு மாறிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அதற்கு ஜிபிஎல் உரிமம், அதாவது அந்த நிரலோடு சேர்த்து உருவாக்கியதை வெளியே கொடுத்தால் அதன் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம், என்றதும் முதலாளி கேட்டார்: “அப்ப நம்ம புரோகிராமையும் ஊருக்குத் திறந்து காட்டணுமா தம்பி?” நியாயமான கேள்விதான். “வேண்டாம்ணே, அதுக்கு கிளாஸ்பாத் விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்கு. ஜாவா நூலகத்தோட சேர்ந்து ஓடுறதால மட்டும் நம்ம நிரல் ஜிபிஎல் ஆயிடாது” என்றேன். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் 2006 நவம்பரில், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரையும் அதை ஓட்டும் ஹாட்ஸ்பாட்டையும் மூலநிரலோடு திறந்துவிட்டபோதே இதை யோசித்திருக்கிறார்கள். அந்த ஒரு விதிவிலக்கு இல்லையென்றால் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் பக்கத்திலேயே போயிருக்க மாட்டோம்.

நிறுவுவது அரைமணி நேர வேலை. பில்லை அச்சடிக்கப் போனால் நல்பாயிண்டர் பிழை, அதாவது இல்லாத ஒன்றை நிரல் பயன்படுத்தப் போனால் வரும் பிழை. எங்கள் நிரலில் ஒரு வரியைக்கூட நான் தொடவில்லை. பிழைச்செய்தியின் கடைசியில் ஃபான்ட்கான்ஃபிகரேஷன் என்ற பெயர் இருந்தது. ஜாவாவின் உள்ளே இருக்கும் ஒரு கிளாஸ், அதாவது நிரல் துண்டு அது. மூலநிரலை இறக்கித் திறந்து, அந்த வரிக்கே போய்ப் படித்தேன். பதினோரு வருஷ வேலையில் ஜாவாவின் வயிற்றுக்குள் நான் எட்டிப் பார்த்தது அன்றுதான். விஷயம் இவ்வளவுதான்: ஆரக்கிளின் ஜாவா 8 லூசிடா எழுத்துருக்களைத் தன்னோடு கொண்டுவந்தது. ஓபன்ஜேடிகே எதையும் கொண்டுவராது, கணினியில் இருப்பதைத் தேடும். எங்கள் லினக்ஸ் சர்வரில் எழுத்துருக்களைத் தேடிக்கொடுக்கும் ஃபான்ட்கான்ஃபிக்கும் இல்லை, ஓர் எழுத்துருவும் இல்லை.

ஃபான்ட்கான்ஃபிக்கையும் ஓர் ஆங்கில எழுத்துருவையும் போட்டதும் பில் வந்தது. எண்கள் சரி. மீன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். அப்புறம் தமிழ் எழுத்துருவையும் போட்டேன்.

தடை முடிந்து படகுகள் திரும்பிய அன்று கணக்குப்பிள்ளை முதல் பில்லைக் கையில் வாங்கி, விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார்: “காரல், சூடை, கணவாய்.” அடுத்த கூடையை எடைக்கு வைக்கச் சொன்னார்.