வெருளிக்கு ஒரு காகம்

ஜோடி வேஷத்துக்குச் செலவு கூடுவது, அதை இரண்டு வேஷமாக நினைத்துத் தைப்பதால்தான். ஆளுக்கொரு முழு உடுப்பு, ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு சப்பாத்து என்று போனால் காசு கரைந்துவிடும். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் மட்டும் விளங்குகிற ஒரு பகிடி கிடைத்தால் போதும். மிச்சமெல்லாம் அலுமாரிக்குள்ளேயே இருக்கும். நான் வன்னியில், முள்ளியவளையில் வீட்டோடு தையல் மெசின் போட்டிருக்கிறேன். தை, மாசியில் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கினால் வினோத உடைக்கென்று வாசலில் தாய்மார் வந்து நிற்பார்கள். பனங்காய், மின்கம்பம், டெங்கு நுளம்பு என்று தைக்காத சாமான் இல்லை. ஆனால் கலியாணம் கட்டிய ஒரு ஜோடிக்கு, அதுவும் கடல் கடந்து அனுப்ப, 2024இல்தான் முதலில் தைத்தேன்.

கேட்டது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி. “அக்கா, இவரின்ர வேலையிடத்தில ஹலோவீன் பார்ட்டி. ஜோடியா வேஷம் போட்டுக்கொண்டு வரட்டாம். கடையில ஒரு ஆளுக்கே அறுபது டொலர் சொல்லுறாங்கள். நீங்கள் ஏதாவது தைச்சு விடுங்கோவன்.” அந்த வருடம் தீபாவளியும், அங்கே பேய் வேஷம் அது இதென்று போட்டுக் கொண்டாடுகிற ஹலோவீனும் ஒக்ரோபர் 31 என்று ஒரே நாளில் வந்து விழுந்தன. தீபாவளிச் சட்டைகள் மூட்டையாகக் குவிய முதல், புரட்டாதிக்குள்ளேயே முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒக்ரோபர் 31 என்றால் இந்தப் பக்கத்து ஆளான எனக்கு முதலில் ஞாபகம் வருவது கற்சிலைமடுக் கல்தான். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறது. கப்டன் வொன் டிறிபேர்க் இந்த இடத்தருகே எங்கள் வன்னி அரசன் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்று வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் வெட்டி வைத்த கல். அதில் உள்ள திகதி 1803 ஒக்ரோபர் 31. அதே வருடம் ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தவன் பண்டார வன்னியன். அந்தத் திகதியில் தங்கச்சியும் மனுசனும் வன்னி அரசனும் அரசியுமாக ரொறன்ரோவில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரே புளுகம். ரெஜிபோமில் வாள், மினுங்கல் கடதாசி ஒட்டிய முடி, என்னுடைய கூறைச்சேலையின் சரிகைக் கரை என்று மனதுக்குள் வெட்டியும் விட்டேன். அவள் ஒரே வசனத்தில் முடித்தாள்: “அக்கா, நான் அங்க நிண்டு ஒவ்வொருத்தருக்கும் சரித்திரம் படிப்பிக்கோணும்.” அதுவும் சரிதான். விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் அது வேஷம் இல்லை, பேச்சுப்போட்டி. முடியும் வாளும் பயணப் பெட்டிக்குள் நெரிந்துவிடும் என்பது வேறு.

அவள் சொன்ன யோசனை இன்னும் மலிவு. வெள்ளைத் துணியைக் கிழித்துச் சுற்றி, சிவப்புச் சாயம் தெளித்தால் செத்து எழும்பின மாப்பிள்ளை பொம்பிளை. நான் மாட்டேன் என்றேன். 2009 யுத்தத்தில் பட்டுச்சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தவர்கள் நாங்கள். காயத்துக்கு என்னென்ன துணியெல்லாம் கட்டினோம் என்று அவளும் பார்த்தவள்தான். அவள் இப்போது அதைப் பகிடியாகக் கடந்து போகிறாள், எனக்கு அது வருவதில்லை. அவளில் கோபமும் இல்லை. என் மெசினில் அது ஏறாது, அவ்வளவுதான்.

கடைசியில் வெருளி யோசனையைத் தன்னை அறியாமலே தந்தது என்னுடைய இவர். தோட்டத்தில் கத்தரிக்குப் பறவை வராமல் நட்டிருந்த வெருளிப் பொம்மையின் தோளில் காகம் ஏறி இருந்து கரைந்துகொண்டிருந்தது. “அங்க பார், புருசன் பெண்சாதி மாதிரி” என்றார். அதுதான் நான் தேடிய பகிடி. வெருளி தனியே நின்றால் வெறும் வெருளி. காகம் தனியே நின்றால் கறுப்புச் சட்டை போட்ட பெண். இரண்டும் சேர்ந்தால், பயப்படுத்த நிற்கிற ஆளும் அவருக்குத் துளியும் பயப்படாத ஆளும். கனடாவிலும் ஹலோவீனுக்கு வீட்டு முற்றங்களில் வைக்கோல் வெருளி வைக்கிறார்களாம். எனவே ஒருவருக்கும் விளக்கம் வேண்டாம்.

காகத்தின் செட்டைக்குக் குடை. சோளகக் காற்றுக்குக் கம்பி முறிந்த கறுப்புக் குடை இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. நீளக் காம்புக் குடைதான் நல்லது, மடக்குக் குடையில் துணி போதாது. ஒவ்வொரு கம்பி நுனியிலும் இரண்டு மூன்று இழையால்தான் துணி பிடித்திருக்கும், கம்பியின் நடுவிலும் ஒரு கட்டு இருக்கும். இவற்றைப் பிளேட்டால் அறுத்து, உச்சியில் உள்ள மூடியைக் கழற்றினால் துணி முழுதாக வந்துவிடும். சாதாரணக் குடையில் எட்டுத் துண்டு இருக்கும். நேரெதிரான இரண்டு தையல் மூட்டின் வழியே வெட்டினால் நாலு நாலாக இரண்டு அரைவட்டம். அதுவே இரண்டு செட்டை. வெளி விளிம்பு கம்பிக்குக் கம்பி உள்ளே வளைந்திருப்பதால் இறகு நுனி போலவே இருக்கும், அதை மடித்துத் தைக்கும் வேலையும் கிடையாது. குடை செய்தவன் எங்களுக்காகத் தைத்து வைத்திருக்கிறான்.

பிறகு அரைவட்டத்தின் நடுப்புள்ளியைக் கமக்கட்டில் வைக்க வேண்டும். நேர் விளிம்பின் ஒரு பாதி சட்டைக் கையின் கீழ்த் தையல் மூட்டோடு மணிக்கட்டு வரை, மறு பாதி சட்டையின் பக்க மூட்டோடு இடுப்பு வரை. அப்படியே வைத்தால் துணி கமக்கட்டில் குவியும், கையையும் தாண்டி நீளும். நடுவிலிருந்து 4 அங்குலத்துக்கு ஒரு வளைவு வெட்டி எடுத்துவிட்டால் இரண்டுக்கும் தீர்வு. அரைவட்டம் என்பதால் கையை நேரே மேலே தூக்கினாலும் இழுக்காது. தூக்காதபோது மடிப்பு மடிப்பாகத் தொங்கும், பறவை செட்டையை ஒடுக்கியது மாதிரி.

குடைத் துணி மெசினில் வழுக்கும். குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும். அதனால் உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொண்டு 11ஆம் நம்பர் ஊசியில் ஓட்டினேன். அயர்னைக் கிட்டவே கொண்டுபோகவில்லை, சூடு பட்டால் சுருங்கிவிடும்.

சட்டை இவருடைய நீளக் கை வைத்த பழைய கறுப்பு ரீசேட். தங்கச்சிக்கு அது தொளதொளவென்று இருக்கும், ஆனால் அதுதான் வேண்டும். ஒக்ரோபர் கடைசியில் ரொறன்ரோவில் நல்ல குளிர். உள்ளே தடித்த சுவெற்றர் போட்டு அதற்கு மேலே போடுகிற அளவுக்கு மார்பில் 6 அங்குலம் தளர்வு விட்டேன். அளவாகத் தைத்த வேஷங்களின் மேல் கடைசியில் கோட் போட்டு மூடிக்கொண்டு நிற்பார்கள் என்று அவளே சொன்னாள்.

வெருளிக்கு அவ்வளவு பாடு இல்லை. கட்டம் போட்ட பழைய சேட்டில் நாலு ஒட்டு, அவரிடமே உள்ள காற்சட்டை. வைக்கோல்தான் யோசனை. செடி, தானியம் சம்பந்தமான எதையும் கனடா விமான நிலையத்தில் சொல்லித்தான் கொண்டுபோக வேண்டும், வைக்கோல் கொடுத்து ஆளை மாட்டிவிட முடியாது. ஆகவே பழைய கம்பளி நூல். வைக்கோல் நிறத்துக்குக் கிட்டிய மஞ்சளும் மண்ணிறமும் கலந்து, ஒரு சாண் நீளத்தில் வெட்டி, இலாஸ்ரிக் பட்டியில் நெருக்கமாக வைத்து ஓட்டினேன். கழுத்துக்கு ஒன்று, மணிக்கட்டுகளுக்கு இரண்டு, கணுக்காலுக்கு இரண்டு. சேட்டில் தைக்காமல் பட்டியாக விட்டால் பார்ட்டி முடிந்ததும் கழற்றிவிட்டுச் சேட்டை வேலைக்கே போட்டுக்கொண்டு போகலாம். தோளுக்குக் குறுக்கே தடி வைக்கலாமா என்று கேட்டார்கள். ரெயினில் போகிற மனுசன், தடியோடு எந்தக் கதவால் உள்ளே நுழைகிறது? கையை விரித்து நின்றாலே போதும்.

தலைதான் எனக்குப் பிடித்த இடம். எங்கள் பக்கத்து வெருளிக்குத் தலை என்றால் அடி கருகிய பானை, அதில் சுண்ணாம்புப் புள்ளி. முகத்தில் கரி பூசுவது அங்கே சரிவராது, கறுப்பினத்தவரைப் பகிடி பண்ணுவதாக ஆட்கள் எடுப்பார்கள் என்றாள் தங்கச்சி. நல்லது. இரண்டாவது உடைந்த குடை ஒன்று கிடந்தது. அதன் துணியில் உருண்டையாக ஒரு தொப்பி தைத்து, சுற்றிவர வெள்ளைப் பெயின்ற் புள்ளி குத்தினேன். காகத்தின் செட்டையும் வெருளியின் பானையும் ஒரே மினுக்கத்தில் நிற்க, தூரத்தில் பார்த்தாலே இவர்கள் ஒரு சோடி என்று தெரியும். ஜோடி வேஷத்தில் எங்காவது ஒரு துணி இரண்டு பேரிலும் இருக்க வேண்டும், அது கைக்குட்டையளவு என்றாலும் பரவாயில்லை. காகத்தின் சொண்டு தடித்த ஃபெல்ற் துணிக் கூம்பு, நெற்றியில் நிற்கிற மாதிரித் தலைப்பட்டியில் தைத்தது. மூக்கில் கட்டினால் சாப்பிட முடியாது, பார்ட்டிக்குப் போவதே அதற்குத்தானே.

நூல், இலாஸ்ரிக், ஃபெல்ற், பெயின்ற் எல்லாம் 1,800 ரூபாவுக்குள் அடங்கியது. எல்லாவற்றையும் மடித்தால் ஒரு சோறு கட்டுகிற பார்சல் அளவு. ஊருக்கு வந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவர் கைப்பைக்குள்ளேயே கொண்டுபோனார். கூடவே ஒரு எச்சரிக்கையும் அனுப்பினேன்: பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி வைத்திருக்கிற இடத்தில் செட்டையை விரிக்காதே, குடைத் துணி நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும்.

படம் வந்தது. மனுசன் கையை விரித்தபடி விறைத்து நிற்கிறார், இவள் அவர் தட்டிலிருந்து எதையோ கொத்துகிற மாதிரி குனிந்திருக்கிறாள். பரிசு கிடைக்கவில்லை. காற்றடித்து உப்பவைத்த டைனோசர் ஒன்றுக்குப் போய்விட்டதாம். பற்றரியில் ஓடுகிற உடுப்போடு எங்கள் குடை போட்டிபோட ஏலாது. எந்தக் கடையில் வாங்கினது என்று நாலைந்து பேர் கேட்டார்களாம், அவள் இடத்தைச் சொல்லவில்லையாம். கெட்டிக்காரி.

அடுத்த மாசியில் முன்பள்ளி ஒன்றுக்குச் சின்னக் காகங்கள் தைத்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஒரு குடையில் இரண்டு சோடி செட்டை வரும், இரண்டு இரண்டு துண்டாக வெட்டினால் சரி. வேண்டுமானவர்கள் உடைந்த குடையை நீங்களே கொண்டுவாருங்கள், தைகூலி மட்டும் எடுப்பேன். கறுப்புத்தான் என்றில்லை, பச்சைக் குடை இருந்தால் கிளி தைக்கலாம். பூப்போட்ட குடையை மட்டும் கொண்டுவந்து மயில் கேட்காதீர்கள், அது சரிவராது.