அப்பாயி சொன்ன லயத்து மேப் - இதுவரைக்கும் ஆன வேலை

தை மாசம் ஆரம்பிச்சது, எட்டு மாசம் ஆச்சு. துறையூர் பக்கத்துல இருந்து கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம், அங்கிருந்து கோத்தகிரி வந்து, இப்ப நான் கோயம்புத்தூர்ல இருக்கேன், இந்த மூணு தாவலையும் அப்பாயி (அப்பாவோட அம்மா) இருக்கும்போதே எழுதி வெச்சிரணும்னு உக்காந்தேன்.

முதல் ரெண்டு மாசம் வேஸ்ட். போன்ல ரெக்கார்டர போட்டுட்டு "அப்பாயி, எந்த வருஷம் வந்தீங்க"ன்னு கேட்டா "எவளுக்குத் தெரியும்"னு எந்திரிச்சுப் போயிரும். அப்புறம் ஒருநாள் பேப்பர்ல நீளமா ஒரு கோடு போட்டு, இதுதான் லயம் (தோட்டத்து வரிசை வீடு), உங்க காம்பரா (அறை) எது, பக்கத்துல யாருன்னு கேட்டேன், அவ்ளோதான், ஒண்ணே முக்கா மணி நேரம்! பன்னெண்டு காம்பரா, யார் வீட்டு இஸ்தோப்புல (திண்ணையில) அடுப்பு, யார் வீட்டுல ஆடு, பிள்ளைக்காம்பராவுக்கு (வேலைக்குப் போறவங்க கொழந்தைங்கள விடுற எடம்) போற வழி, எல்லாம் வந்துச்சு. இலங்கை மலையகத்துல தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம், டிவிஷன் பேரு கூட அப்பத்தான் கெடச்சது.

வருஷம் கண்டுபிடிக்கிறதுக்கும் அதே வழிதான். அப்பா எப்ப பொறந்தார்னா "பாணுக்கு வரிசையில நின்ன வருஷம்"னு சொல்லுச்சு, பாண்னா ரொட்டி. அது 1973-74, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ ஆட்சியில அரிசியும் கோதுமை மாவும் கெடைக்காம தோட்டத்து சனம் பட்டினி கெடந்த நேரம். ஸ்கூல் சர்டிபிகேட்ல அப்பாவுக்கு 1971ன்னு இருக்கு, இந்தியாவுக்கு வர்றப்ப குடுத்த குடும்ப கார்டுல 1977ல மூணு வயசுன்னு இருக்கு, நான் கார்டையும் அப்பாயியையும் தான் நம்புறேன்.

இலங்கையோட 1948 சட்டத்துல தோட்டத்துத் தமிழ் சனத்துக்குக் குடியுரிமை போச்சு. 1964 அக்டோபர் 30 இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்குன்னு எழுதிட்டாங்க, அந்த சனத்துல ஒருத்தர் கிட்டயும் கேக்கல. அந்தக் கணக்குல அப்பாயி இந்தப் பக்கம், அப்பாயியோட தங்கச்சி அந்தப் பக்கம். தலைமன்னார் வரைக்கும் கோச்சி (ரயில்), அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல், அப்புறம் மண்டபம் கேம்ப். கோத்தகிரியில டேன்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைக் கழகம்) தோட்டத்துல மறுபடியும் கொழுந்துக் கூடை. 84ல கப்பலும் நின்னு போச்சு, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அப்புறம் நேர்ல பாக்கவே இல்ல. இத எழுதுறப்ப எனக்கு தொண்டை அடைச்சுது.

ஒரு பெரிய தப்பும் நடந்துச்சு. குடும்ப கார்டு மடிப்புல கிழியுதேன்னு ஒரு ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போடக் குடுத்தேன், சூட்டுல போட்டோ இருந்த பக்கம் சுருங்கி பழுப்பா ஆயிருச்சு, அப்பாயி மடியில இருக்கிற அப்பா மூஞ்சி பாதி தெரியல. பழைய பேப்பர் எதையும் லேமினேட் பண்ணாதீங்க ப்ளீஸ். ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, ஃபிளாஷ் இல்லாம, நேர் மேல இருந்து ரெண்டு போட்டோ எடுங்க, அப்புறம் பாலிதீன் கவர் வேண்டாம், பட்டர் பேப்பர்ல மடிக்காம வைங்க.

அதுக்கப்புறம் இத எங்க வீட்டோட நிறுத்த மனசு வரல. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம கோத்தகிரி போயி பக்கத்து வீடுகள்ல இருக்கிற கார்டு, பழைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு அவங்க கிட்டயே குடுக்கிறேன். 31 வீடு முடிஞ்சுது. பேரப்புள்ளைங்க சாதி சர்டிபிகேட்டுக்கு அலையுறப்ப இந்தக் கார்டு தான் கேக்குறாங்க, அது தொலைஞ்ச வீட்ல படுற பாடு இருக்கே... காசு எதுவும் வாங்குறதில்ல, டீ மட்டும் கண்டிப்பா குடிச்சே ஆகணும்.

போன வாரம் லயத்து மேப்ப பெருசா சார்ட் பேப்பர்ல வரைஞ்சு கொண்டு போனேன். அப்பாயி கண்ணாடிய மாட்டி, வெரலால ஒவ்வொரு காம்பராவா தொட்டுட்டே வந்துச்சு, ஏழாவதுல நின்னு தங்கச்சி பேரச் சொல்லுச்சு. அப்புறம் "பீலிய தப்பா போட்டுருக்கடா, அது கோயில் பக்கம்"னுச்சு, பீலின்னா தண்ணி புடிக்கிற எடம். அழிச்சு மறுபடி வரையணும்.