நான்கு பக்க மனுவும் நான்கு வரிப் பதிலும்

என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றுள் எதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், ஓர் உதவியாளரின் நான்கு பக்க மனுவுக்கு நான் அளித்த ஏழு பக்க விளக்கத்தைத்தான் சொல்வேன். மாவட்ட அளவிலான ஓர் அரசு அலுவலகத்தில் அப்போது நான் கண்காணிப்பாளராக இருந்தேன். பணிப் பங்கீட்டில் நிலுவை மிகுந்த இனங்கள், அதாவது முடியாத கோப்புகள் தேங்கிய வேலைப் பிரிவுகள், தனக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன என்று தொடங்கிய அந்த மனு, என் பதவி உயர்வு, என் கையெழுத்து, நான் தேநீர் அருந்தச் செல்லும் நேரம் என்று விரிந்து, முதலமைச்சரின் தனிப்பிரிவு உட்பட ஐந்து இடங்களுக்கு நகலிடப்பட்டிருந்தது. நான் வரிக்கு வரி சான்று காட்டி மறுத்தேன். அடுத்த வாரமே பதினொரு பக்கங்கள் வந்தன; அவற்றில் பாதிக்கு மேல் என் விளக்கத்திலிருந்தே எடுக்கப்பட்ட புதிய குற்றச்சாட்டுகள்.

அமெரிக்காவில் உளநல ஆலோசகராக இருந்து பின்னர் குடும்பநல வழக்கறிஞரான பில் எடி, எதையும் மோதலாக்குவோரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஓயாமல் பிறர் மீது பழி சுமத்துவது, எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாகவே பார்ப்பது, கட்டுக்கடங்காத உணர்ச்சி, மற்றவர்கள் செய்யத் துணியாததைச் செய்வது என்று நான்கு அடையாளங்களைக் கூறும் அவர், இவற்றை அந்த நபரிடமே எடுத்துச் சொல்லிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். பதில் சுருக்கமாகவும், தகவல் மட்டும் கொண்டதாகவும், நட்பான தொனியிலும், முடிவில் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் தரும் முறை. இதை முன்பே படித்திருந்தால் ஏழு பக்கத் தாளாவது மிஞ்சியிருக்கும்.

பதினொரு பக்கங்களுக்கு நான் எழுதிய பதில் இவ்வளவுதான்: “தங்கள் மனு பெறப்பட்டது. தங்கள் இருக்கையின் நிலுவை, தன்பதிவேடுகளின்படி பிற இருக்கைகளுடன் ஒப்பிடப்படும். முடிவு வரும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கப்படும். அதுவரை தற்போதைய பங்கீடே தொடரும்.” தன்பதிவேடு என்பது ஒவ்வொரு உதவியாளரும் தன் இருக்கைக்கு வரும் கடிதங்களைப் பதியும் ஏடு. தேநீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கடிதத்தில் கையொப்பமிட என் கை எவ்வளவு தயங்கியது என்பதை இப்போது சொல்லலாம். மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சம்தான் நம்மைப் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறது.

நண்பர்கள் அனைவரும், 'பதினேழு பி போட்டுவிடுங்கள்' என்றே சொன்னார்கள். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஆ) என்பது பெருந்தண்டனைக்கான வழி. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அலுவலர், சாட்சிகள் என்று நீளும் அந்த வழியில் கோபத்துக்கு இடமில்லை, நாளும் செயலும் குறிக்கப்பட்ட பதிவுகளுக்கு மட்டுமே இடமுண்டு. என்னிடம் கோபம்தான் இருந்தது. எனவே அவருடன் பேசுவதை எல்லாம் மற்றொரு அலுவலர் முன்னிலையில் பேசி, அன்று மாலையே அதைக் குறிப்பாக எழுதி, அவருக்கும் ஒரு படி கொடுக்கத் தொடங்கினேன்.

இத்தனையிலும் நான் கவனிக்கத் தவறியவர், அவருக்கு அடுத்த இருக்கையில் இருந்த இளநிலை உதவியாளர். அந்தப் பெண்ணுக்கு முன்னர் வழங்கப்பட்ட குறிப்பாணைகளின் நகல்களைக் கேட்டு, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவர் விண்ணப்பித்தார். ஊழியர் ஒருவரின் குறிப்பாணைகளும் தண்டனை விவரங்களும், பொதுநலன் இருந்தாலொழிய, தனிப்பட்ட தகவலே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருந்ததால் அவற்றைத் தரவில்லை. ஆனால் மறுத்துவிட்டோம் என்ற நிறைவில், அந்தப் பெண்ணை அழைத்து ஒரு வார்த்தை பேச எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதங்களில் அவர் வேறு பிரிவுக்கு மாறுதல் கேட்டார். சண்டையிடுபவருக்கே நம் நேரம் முழுவதையும் கொடுத்துவிட்டு, அமைதியாக வேலை பார்ப்பவர்களை இழந்துவிடுகிறோம்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே தன்பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். நிலுவை பற்றி மனு எழுதியவர் சொன்னது சரியாகவே இருந்தது. எனக்கு முன்பிருந்தவர், பழைய இனங்கள் இரண்டை அவர் இருக்கையில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். ஓர் இனத்தை வேறு இருக்கைக்கு மாற்றி ஆணையிட்டேன். எந்த இனத்தை மாற்றியிருக்க வேண்டும் என்பது குறித்து அவர் மீண்டும் மனு எழுதினார். அது ஒன்றரைப் பக்கம் இருந்தது.